நீ வேண்டுமென்று சிரிக்கவில்லை

அன்பு அக்காச்சி,

பதினாறு வயதில் உன்னை உயரத்தில் முந்திவிட்டேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேனே, அந்தத் தங்கைதான் எழுதுகிறேன். உனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

போன மாதம் நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதிக்குப் புத்தூரிலிருந்து ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். அந்த வயதிலேயே பெரியபிள்ளையாகிவிட்டாள். தாய் என் காதுக்குள் சொன்னாள்: "மிஸ், ஊருக்குத் தெரியாது. பன்னிரண்டு வயசிலை தண்ணி வார்த்துச் சடங்கு வைப்பம் எண்டிருக்கிறம்."

உனக்கும் அம்மா இதைத்தானே செய்தார்? ஆறு வருடம் ஒளித்துவைத்து, பிறகு அன்றைக்குத்தான் நடந்தது போல ஊரைக் கூட்டிச் சடங்கு வைத்தார்.

அப்போது அந்தப் பிள்ளை திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. தாய் அடிக்கக் கை ஓங்கினாள், நான் பிடித்துவிட்டேன். அது உன் சிரிப்பு, அக்கா. உன் சடங்கில் ஆலாத்தித் தட்டைச் சுற்றும்போது நீ அப்படிச் சிரித்ததற்குத்தானே அம்மா தொடையில் கிள்ளினார்?

ஸ்கானில், மூளையின் அடியில் கடலை அளவில் ஒரு கட்டி. பிறவியிலேயே வந்தது, புற்றுநோய் இல்லை. பருவமடையச் சொல்லும் சுரப்பை இப்படிச் சில கட்டிகள் தாங்களாகவே உண்டாக்கிவிடுமாம். அந்தச் சுரப்பை உண்டாக்கும் மரபணு ஒரு கட்டியில் விழித்துக்கொண்டு இன்னொன்றில் ஏன் உறங்குகிறது என்று இன்னும் ஆராய்கிறார்களாம். அந்தச் சிரிப்பும் ஒருவகை வலிப்புத்தான் என்றார் டொக்டர். மாதம் ஒரு ஊசி போட்டால் பருவம் தள்ளிப்போகும், உன்னைப் போல அவளுக்கு வளர்த்தி பாதியில் நிற்காது.

உனக்கு ஒருவரும் ஸ்கான் எடுக்கவில்லை. வலிப்பு வந்து இருபத்தொன்பது வயதில் போய்விட்டாய். உனக்கும் இதேதான் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் வேறு என்னவாக இருக்கும்?

வீட்டுக்கு வந்து, முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். கை நின்றுவிட்டது.

"அப்ப அவள் வேணுமெண்டு சிரிக்கேல்லையோ?"

"இல்லையம்மா."

"நான் கிள்ளினனான்."

பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து உன் சடங்குப் படத்தை எடுத்தார். நீ சிரிக்கிறாய் என்பதற்காக ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த படம். "உந்தப் படத்தைக் கொண்டுபோய் முன்னறையிலை மாட்டு" என்றார். ஆனால் என்னிடம் தரவில்லை. படத்தில் உன் தொடையிருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் தடவிக்கொண்டேயிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

புத்தூர்ப் பிள்ளைக்கு மாதாமாதம் நானே ஊசி போடுகிறேன். அவளுடைய சடங்கு அதற்குரிய காலத்தில் வரும். அன்றைக்கு நான் பக்கத்தில் நிற்பேன், அக்கா. அவள் சிரித்தால், ஒரு கையும் அவளைத் தொட விடமாட்டேன்.

உயரத்தில் மட்டும் உன்னை முந்திய,
உன் தங்கச்சி