துணி வெள்ளையாகத்தான் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

இன்று போன பார் பஸ் டிப்போவுக்குப் பின்னால். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. மூன்று படி இறங்கிப் போக வேண்டும். இறங்குவதற்கு முன்னால் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். பேத்தி சிரித்தாள். "எதுக்கு பாட்டி, பேங்க் கொள்ளையடிக்கவா போறோம்?" என்றாள்.

அவளுக்கென்ன. பத்திரிகை வேலை. ஊரில் உள்ள பார்களுக்கெல்லாம் போய், எது நல்லது எது கெட்டது என்று சனிக்கிழமை தோறும் எழுதுவதற்குத்தான் சம்பளம். எனக்கு அப்படியா? எதிர்ப் பக்கத்தில் எங்கள் மாடி வீட்டுக்காரி காய் வாங்கிக்கொண்டு நின்றாள். பார்த்தாளோ என்னவோ. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வாளியை இரவல் வாங்கிப்போய்க் கைப்பிடி இல்லாமல் திருப்பித் தந்தவள். அவள் வாயில் விழுந்தால் நாளை தெருவுக்கே தெரியும்.

பேத்தி என்னை முதலில் துணைக்குத்தான் கூட்டிப்போனாள். பக்கத்தில் ஒரு கிழவி இருந்தால் எவனும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டான். மூன்று மணிக்குப் போவோம், கூட்டம் இல்லாத நேரத்தில்தான் ஒரு கடையின் முகம் தெரியும் என்பாள். அவள் ஏதோ ஒரு கிளாஸ் வாங்கி மோந்து பார்த்து, நாலு வாய் குடித்துக் குறிப்பு எழுதுவாள். நான் சோடா. பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போவேன். அங்கே கிளாஸ் கழுவுகிற இடத்தைப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரி சமையலறையில் இருபத்தாறு வருஷம் டம்ளர் கழுவியவள் நான். கிளாஸைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எவனும் தண்ணீர் ஊற்றிப் பளபளப்பாக்கிவிடலாம். அதைத் துடைக்கிற துணியைப் பார்க்க வேண்டும். அதை மோந்தால் அந்தக் கடையின் ஜாதகமே தெரிந்துவிடும். இதை ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன். பேத்தி எழுதிவிட்டாள். அன்றிலிருந்து கட்டுரையின் கடைசியில் 'பாட்டியின் தீர்ப்பு' என்று இரண்டு வரி வருகிறது. அதைத்தான் ஜனங்கள் முதலில் படிக்கிறார்களாம்.

டிப்போ பார்: துணி கிழிசல், ஆனால் வெந்நீர் கண்ட துணி. போகலாம்.

மார்ச் 6, வியாழன்

இன்று பெரிய ஹோட்டலின் மேல்மாடி. லிஃப்ட் முழுக்கக் கண்ணாடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சோபா தரையோடு தரையாக இருக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். பரிமாறுகிறவர் குனிந்து, "மேடம், உங்களுக்கு?" என்று கேட்டார். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

அங்கே மெஷின் கழுவுகிறதாம். துணியே இல்லை. என் கிளாஸின் விளிம்பில் எவளுடையதோ உதட்டுச் சாயம் இருந்தது. காட்டினேன். அந்த ஆளின் முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஊர் சுற்றுவதும், ஒரு ஆளைத் தலைகுனிய வைத்துவிட்டு ரசிப்பதும்.

மார்ச் 8, சனி

கட்டுரை வந்தது. விரல் வைத்துப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, ஒரு பக்கம் முடிக்க அரைமணி ஆகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பேத்தி போனில் சொன்னாள்: "நாளைக்கு மார்க்கெட் பின்னாடி ஒரு பழைய கடை பாட்டி. கல்படி வச்ச கடை. அம்பது வருஷமா இருக்காம்."

நான் சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 12, புதன்

அந்தக் கல்படியில் நான் ஏற்கெனவே நின்றிருக்கிறேன். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். அப்போது அது சாராயக்கடை. என் மூத்தவனுக்கு மூன்று வயது, காய்ச்சலில் உடம்பு இழுத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டேன். கல்லாவில் இருந்த கடைக்காரி எழுந்துகூட வரவில்லை. "உன் வீட்டுக்காரர் இன்னைக்கு இந்தப் பக்கமே வரல," என்றாள். அவருடைய குடை கதவோரம் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் நான் சுற்றிய சிவப்பு நூல். குடையைப் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். அவளும் குடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். பிழைத்தான். பிழைத்துவிட்டான் என்பதற்காக மன்னித்துவிட வேண்டுமா என்ன?

இன்று கடைக்காரி இல்லை, மகன் இருந்தான். மரியாதையாகப் பேசினான். நான் பின்பக்கம் போனேன். அங்கே ஒருத்தி கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வருவதைப் பார்த்து, "தரை ஈரம்மா, பாத்து வாங்க," என்று ஒரு சாக்கை எடுத்துக் காலடியில் போட்டாள். கொடியில் இரண்டு துணி, உள்ளே துடைக்க ஒன்று, வெளியே துடைக்க ஒன்று. கொதிக்க வைத்து, அலசி, வெயிலில் காய்ந்தவை. நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பேத்தி பேனாவைத் திறந்து, "துணி எப்படி?" என்றாள்.

"அழுக்கு. மூக்குகிட்ட கொண்டுபோக முடியல."

வாய் என்னைக் கேட்கவில்லை. தானாகச் சொல்லிவிட்டது.

"நிஜமாவா? கிளாஸ் நல்லாத்தானே இருக்கு."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது. 'பின்பக்கம் தொங்கிய துணியை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை என்கிறார் பாட்டி. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.' மூன்று முறை படித்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

பேத்தி வந்தாள், கையில் ஒரு கடிதம். கல்படிக் கடைக்காரியின் மகன் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறான். அவளே படித்துக் காட்டினாள். குறையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, கழுவும் பெண்ணை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம், வாடிக்கையாளர்கள் மறுபடி வர வேண்டும், இப்படி.

"பாத்தியா பாட்டி, நாம எழுதினா பலன் இருக்கு," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மேற்பார்வைக்காரி இருந்தாள். நோயாளியின் பால் டம்ளரில் முடி கிடந்தது என்று என்னை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தாள். அன்று அந்த வரிசை டம்ளரை நான் தொடவே இல்லை. கழுவியது அவளுடைய அக்கா மகள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மேற்பார்வைக்காரி செத்த அன்று எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டுத் தெரு வழியாக நடக்க மாட்டேன்.

இப்போது நான் செய்தது என்ன? அவள் செய்ததேதான். அவளாவது சொந்தக்காரப் பெண்ணைக் காப்பாற்றச் செய்தாள். நான் யாரைக் காப்பாற்றினேன்?

மார்ச் 22, சனி

பேத்தி வந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தனியாகக் கல்படிக் கடைக்குப் போனேன். மகனிடம் சொல்லிவிடலாம் என்று. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கல்லாப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் அவள். கடைக்காரி. முழங்கால் மேல் சால்வை. கண்ணில் பூ விழுந்திருக்கிறது. நாற்பத்தொரு வருஷமாக இவளிடம் பேசவேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "யாரும்மா? யாரைத் தேடி வந்தீங்க?" என்றாள்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. கண் போனதால் இல்லை. அவளுக்கு நான் படியேறி வந்த ஆயிரம் பொம்பளைகளில் ஒருத்தி.

"சோடா குடிக்க வந்தேன்," என்றேன்.

மகனிடம் பேச்சுவாக்கில் கேட்பது போல, முன்னே ஒரு பொண்ணு கழுவிட்டு இருந்துச்சே என்றேன். "அவளா? நிறுத்தியாச்சு," என்றான். "பன்னண்டு வருஷம் இருந்தவம்மா. பேப்பர்ல வந்த பிறகு வச்சிருக்க முடியுமா? ஒரு வார்த்தை பேசல. துணிய மடிச்சு வச்சிட்டுப் போயிட்டா."

சோடாவில் பாதியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு வாய் உள்ளவள் நான்.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பேத்தி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நின்றபடியே கேட்டாள். காய்ச்சல், குடை, சிவப்பு நூல் எல்லாம் அவளுக்குத் தெரிந்த கதைதான். அது எந்தக் கடை என்று மட்டும் தெரியாது. முடித்ததும், "துணி எப்படி இருந்துச்சு? இப்ப சொல்லு," என்றாள்.

"வெள்ளையா இருந்துச்சு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பின்பக்கம் நான் ஒரு நாளும் வந்து பாத்ததில்ல," என்றாள். "நீ சொன்னா போதும்னு இருந்தேன். உன்ன நம்பித்தான் பாட்டி என் பேரைப் போட்டேன்."

அந்தக் கடைக்காரி பொய் சொன்னாளே என்றேன். என் காதுக்கே அது சின்னப்பிள்ளை பேச்சாகக் கேட்டது.

"அந்தம்மா பொய் சொன்னாங்க, சரி. உள்ள உக்காந்திருந்தது யாரு? தாத்தாதானே. அவரை நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்டதில்லை. மறுநாள் அவருடைய சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அவர் போய்ப் பதினாறு வருஷம். அவரிடம் கேட்க வேண்டியதையும் சேர்த்துக் கடைக்காரி தலையிலேயே வைத்திருந்தேன் போலிருக்கிறது. எது யாருடைய கணக்கு என்று இனி எப்படிப் பிரிப்பது?

மார்ச் 29, சனி

பத்திரிகையில் ஒரு கட்டம் கட்டி ஐந்து வரி. 'அந்தக் கடையின் துணி சுத்தமாகவே இருந்தது. நேரில் பார்க்காமல் எழுதினேன். தவறு என்னுடையது.' கீழே பேத்தியின் பெயர். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

போன் போட்டுக் கத்தினேன், என் பேரைப் போடு, நான்தானே சொன்னேன் என்று. "பாட்டின்னு போட்டா எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க," என்றாள். "அந்த அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்காது." இரண்டு வாரம் பத்தியை வேறு ஒருவர் எழுதுவாராம். ஆசிரியர் சொல்லிவிட்டார். அதை இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் சொன்னாள்.

ஏப்ரல் 2, புதன்

கழுவுகிறவளை மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. பேத்தியோடு போனேன். இன்று தலையை மூடவில்லை.

கடைக்காரியின் மகன் அவளைப் பின்பக்கத்திலிருந்து வரச் சொன்னான். ஈரக்கையோடு வந்து நின்றாள். மேஜைகளில் ஏழெட்டு ஆம்பளைகள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். உன் துணி வெள்ளையா இருந்துச்சு, நான் அழுக்குன்னு பொய் சொன்னேன்.

சாய்வு நாற்காலியில் இருந்தவள், "என்னடா சொல்றாங்க?" என்று மகனைக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா," என்றான்.

"எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் கழுவுகிறவள்.

நாற்காலியைக் காட்டினேன். சுருக்கமாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அவங்க மேல கோவம்னா அவங்களைத்தானே சொல்லணும். என் துணிய ஏன் சொன்னீங்க?"

மன்னிச்சிரும்மா என்றேன்.

"மாட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். "வேலைக்கு வந்துட்டேன், வந்துதானே ஆகணும். ஆனா பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு என் மகளே என்னைக் கேட்டா, நிஜமாம்மான்னு. அது எனக்கு மறக்காது." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பேத்தி என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

ஏப்ரல் 19, சனி

பத்தி மறுபடி பேத்தி பெயரில் வந்திருக்கிறது. தனியாகத்தான் போயிருக்கிறாள், வருகிறாயா என்று கேட்கவில்லை. பின்பக்கம் அவளே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறாள். எனக்குத் தோன்றாத ஒன்றிரண்டு விஷயங்கள்கூட இருக்கின்றன. கடைசி இரண்டு வரி இல்லை. நன்றாகவே இருக்கிறது.

மத்தியானம் முழுக்க அந்தக் கழுவுகிறவளின் நினைப்பு. நல்ல ஞாபகசக்தி உள்ளவள், முகத்திலேயே தெரிகிறது. இன்னும் நாற்பது வருஷம் என்னை மனதில் வைத்திருப்பாள். நான் போன பிறகும் வைத்திருப்பாள். மகளிடம் சொல்வாள், பேத்தி பிறந்தால் அவளிடமும் சொல்வாள், நான் என்ன சேலை கட்டியிருந்தேன் என்பது உட்பட.

அவள் மறந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. நான் எவளை மறந்தேன்?