முதல் வளையல் யார் கையால்

ஜன. 19, திங்கள்

கள்ளக்குறிச்சியில் லேசான குளிர். மேலே, பள்ளி இருக்கிற வெள்ளிமலையில் நல்ல பனி. பஸ் விளக்கு போட்டுக்கொண்டே ஏறியது. கண்டக்டர் முன் சீட்டில் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். "எந்திரிப்பா, டீச்சருக்கு ஒடம்பு சரியில்ல." உடம்பு சரியில்லையாம்! ஏழாம் மாதம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்பத்தேழு வயது, பாதி நரைத்த தலை, முன்தள்ளிய வயிறு. கட்டி என்றுதான் ஊர் முடிவு கட்டும்.

ஸ்டாஃப் ரூமிலும் முதலில் அதே கதைதான். கணக்கு சார் சேலத்தில் ஒரு சர்ஜன் பெயர் சொன்னார். அவர் மச்சினிக்கு எடுத்த கட்டி தேங்காய் அளவாம். "பயப்படாதீங்க மேடம், எடுத்துட்டா ஒண்ணுமில்ல." எடுக்கத்தான் போறேன் சார், ஏப்ரல்ல, என்றேன். அப்புறம் புரிந்தது போல. மணி அடிக்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அவரைச் சொல்லி என்ன? தாவரவியலில் எம்.ஃபில். வாங்கிய நானே நாலு மாதம் மெனோபாஸ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வைத்தியமெல்லாம் விட்டுப் பல வருடம். ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மலைப் பாதை வேண்டாம் என்கிறார். பிராக்டிகல் பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறேன்.

வாங்க வேண்டியவை: சின்னத் துணிகள். இரண்டு பக்கெட் (தனியாக). கொசுவலை. ரப்பர் ஷீட். எனக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி. குழாயடி வாஷர்.

ஜன. 22, வியாழன்

வெயில். கால் லேசாக வீக்கம். மலையிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைத்தெரு. குழந்தைத் துணிக் கடை.

கடைப் பெண் பிரியமாகத்தான் கேட்டாள். "பேரனாம்மா, பேத்தியா?"

"இன்னும் பொறக்கல."

"பொண்ணுக்கா, மருமவளுக்கா?"

"எனக்கு."

அவள் பார்வை வயிற்றுக்கு இறங்கி, முகத்துக்கு ஏறி, மறுபடி இறங்கியது. பிறகு கல்லாவைப் பார்த்து, "யக்கா, இங்க கொஞ்சம் வாயேன்."

கல்லாவில் இருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார். தன் ஓரகத்திக்கும் நாற்பதுக்கு மேல்தான் நின்றது என்று ஆரம்பித்தார். முடிவைச் சொல்லாமல் பாதியில் விட்டார். முடிவு என்ன என்று நானும் கேட்கவில்லை.

"மொதல்ல பழந்துணிதான் போடணும், தெரியும்ல? புதுசு அப்பறந்தான். வூட்ல பெரியவங்க சொல்லலியா?"

"சொன்னாங்க. அந்த மஞ்சள்லயும் ரெண்டு குடுங்க."

ஜன. 25, ஞாயிறு

காலையில் நல்ல தண்ணீர் வந்தது. புதுத் துணிகளை அலசி மாடிக் கொடியில், தெருவைப் பார்த்த பக்கமாகவே காயப்போட்டேன். சட்டை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். மாமியார் வாசலில் இருந்து பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? பொறக்கறதுக்கு முன்ன சொக்கா காயற வூடு எங்கனா உண்டா?"

"காஞ்சதும் எடுத்துடறேன் அத்தை."

"காயறதப் பத்தியா நான் பேசிக்கினு இருக்கேன்?"

எதிர்வீட்டுக்காரி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். நிற்கட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவள். இன்றைக்காவது பார்க்க ஒன்று கிடைத்தது.

மாலை, வளைகாப்புப் பேச்சு. பிப். 8 குறித்தாகிவிட்டது. எனக்குப் பிறந்த வீடு என்று யாரும் இல்லை. எல்லாம் இங்கேயே. முதல் வளையல் அத்தையின் தங்கை போடுவாராம். திருக்கோவிலூர் சின்னத்தை. தாலியோடு இருப்பவர், நாலு பெற்றவர். தகுதி அது.

அம்சா அண்ணி போடட்டும் என்றேன்.

அம்சா அண்ணி என் கணவரின் அக்கா. முப்பது வயதில் புருஷன் போய் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். சொந்தத்தில் எங்கே வளைகாப்பு நடந்தாலும் அவரும் நானும் அடுப்படியில். அவருக்குத் தாலி இல்லை, எனக்குப் பிள்ளை இல்லை. அவர் புளிசோறு கிளறுவார், நான் எலுமிச்சை பிழிவேன். கூடத்தில் வளையல் சத்தம், சிரிப்பு. யாரும் எங்களை உள்ளே போகச் சொன்னதில்லை. வெளியே கூப்பிட்டதும் இல்லை.

அத்தை பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். பிறகு: "படிப்பு ஜாஸ்தியா இருக்கலாம். அதுக்காவ வவுத்துல இருக்கறத வெச்சி வெளையாடாத."

"அண்ணி போடலன்னா வளைகாப்பே வேணாம்."

என் கணவர் செ. பேப்பரை மடித்துவிட்டு சர்க்கரை மில்லுக்குக் கிளம்பினார். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு அரவைக் காலம், ஞாயிறு கிடையாது. எனக்குத் தெரிந்து எந்த ஞாயிறும் அவர் இவ்வளவு உற்சாகமாக வேலைக்குக் கிளம்பியதில்லை.

ஜன. 28, புதன்

தலைவலி. பள்ளிக்கு அரை நாள்.

அண்ணி பின்கட்டில் உட்கார்ந்து செ.-யின் பழைய வேட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் துணி. வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாக. விளிம்பில் பல்லால் ஒரு கடி, பிறகு ஒரே இழுப்பு. நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுவாக்கில் சொன்னேன். முதல் வளையல் நீங்கள்தான் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன், விடப்போவதில்லை என்று. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வேணாம் பூங்கொடி."

"ஏன் அண்ணி, ஆசை இல்லியா?"

"ஆசைய வுடு." ஒரு வேட்டியைக் கிழித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஒனக்கு நாப்பத்தேழு. டாக்டரம்மா இன்னிக்கு பிபிங்கறாங்க, நாளைக்கு சக்கரைங்கறாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரும் ஒன் வயசச் சொல்ல மாட்டாங்க. எங்கையத்தான் சொல்லுவாங்க. நீ பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போயிடுவ. நான் இந்தத் தெருவுலயேதான தண்ணி புடிக்கணும்?"

நான் பிடித்திருந்த முனையை விட்டுவிட்டேன்.

"ஒனக்குக் கோவம், சரி. எனக்கும் இருந்துச்சி. அதுக்குன்னு எம்பேர இழுக்காத. சாகறவரைக்கும் புள்ளய முழுங்குனவன்னு கேட்டுக்கினு இருக்க முடியாது என்னால."

மத்தியான பஸ்ஸில் மலை ஏறும்போது அதே நினைப்பு. ஊரை எதிர்த்து நான் ஜெயித்தால் பெயர் எனக்கு. தோற்றால் தண்டனை அண்ணிக்கு. இது என்ன வீரம்?

பிப். 1, ஞாயிறு

மேகமூட்டம். மாடியில் துணி காயவில்லை.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், உங்கள் பெயரை எடுக்கமாட்டேன் என்று. தலையை மட்டும் ஆட்டினார். அத்தையிடம், "ஒக்காந்துக்கறேன். யாரு வேணா போட்டுட்டுப் போங்க." அத்தைக்கும் அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. முறத்தில் அரிசியை இரண்டு முறை புடைத்தார்.

செ.: "ஒரு நாள் கூத்துதான, சிரிச்ச மாதிரி ஒக்காந்துடு." சட்டையில் மில்லின் மொலாசஸ் பாகு நெடி. எனக்குக் குமட்டியது. அந்த நெடியும் அந்தப் பேச்சும் சேர்ந்துதான் குமட்டியது என்று சொன்னேன். சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

தோற்றுப்போனது போல இருக்கிறது. பிராக்டிகல் பேப்பர் கட்டு இன்னும் தொடவில்லை. பக்கெட் வாங்கியாயிற்று. வாஷர் மறந்தேன்.

பிப். 8, ஞாயிறு

உட்கார முடியவில்லை, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கை நிறைய கண்ணாடி வளையல். எழுத எழுதச் சத்தம்.

காலையில் வெயில் சுளீரென்று. கூடம் கொள்ளாத பெண்கள். மணை போட்டு உட்காரவைத்தார்கள். சந்தனம், பூ, கழுத்து நோகிற மாலை. என் வயதில் பேரன் எடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ ஒருத்தி, "பொண்ணு கொஞ்சம் முத்தல்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "முத்துனாதாண்டி வெதைக்கு ஆவும்" என்று இன்னொருத்தி. அது எனக்குப் பிடித்திருந்தது.

திருக்கோவிலூர் சின்னத்தை சிவப்பு வளையலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "கையக் குடு."

கொடுத்தேன். ஆனால் விரல் விரியவில்லை. முன்பே நினைத்துச் செய்ததல்ல இது. அடுப்படிப் பக்கமிருந்து புளிசோறு மணம் வந்தது. கரண்டி சத்தம் வந்தது. அங்கே அண்ணி மட்டும் தனியாக. என் கை மூடிக்கொண்டது. மூடிய கைக்கு எந்த வளையல் ஏறும்?

"கைய வுடும்மா."

விடவில்லை.

"இன்னாக்கா இது, ஒம்மருமவ குத்துச்சண்டைக்கா வந்திருக்கா?"

மறுபடி சிரிப்பு, ஆனால் கம்மியாக. யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறவில்லை. கையை மட்டும் திறக்கவில்லை. எவ்வளவு நேரமோ. வேர்த்து சந்தனம் வழிந்தது. வயிற்றுக்குள் ஒரு உதை.

அப்போதுதான் அத்தை எங்கே என்று பார்த்தேன். ஒரே மகனின் மனைவிக்கு வளைகாப்பு, அவர் கூடத்திலேயே இல்லை. அறை வாசற்படிக்கு அந்தப் பக்கம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாமா தவறிய பிறகு அவரும் இதற்கெல்லாம் ஆகாதவர்தானே. சட்டம் பேசுகிற ஆளாகவே பார்த்துப் பழகியதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சட்டம் அவரையும் சேர்த்துத்தான் படிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தது.

என் கையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். படி தாண்டி வந்தார்.

"தள்ளு."

"யக்கா, நீயா? நீ எப்படி..."

"தள்ளுடி."

தங்கை கையிலிருந்த வளையலை வாங்கிக்கொண்டு என் எதிரே குந்தினார். முட்டி மடக்க முடியாதவர். என் கை தானாகத் திறந்தது. விரல்களைச் சேர்த்து அழுத்தி ஏற்றினார். வலித்தது. பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலில்தான் பால்காரனை அதட்டுவார்.

"அம்சா! வா இங்க. மொத கை எங்கை. பழின்னு ஒண்ணு வந்தா என்னோட நிக்கும், ஒனக்கு வராது. வந்து போடு."

அண்ணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வளையலை என் மணிக்கட்டுவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"போடுன்றேன்ல?"

போட்டார். பச்சை.

இரண்டு பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள். சின்னத்தை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மற்றவர்கள் வரிசையாக வந்து போட்டார்கள். சோறு பத்தவில்லை, மறுபடி உலை வைத்தோம் என்றார் செ. பரிமாறியது அவராம். பெருமையாகச் சொல்கிறார்.

பிப். 9, திங்கள்

விடுப்பு. அத்தை என்னிடம் பேசவில்லை. கஞ்சி மட்டும் டம்ளரில், டொக்கென்று. நன்றி சொல்லப் போனேன். "ஒனக்காவப் பண்ணல, போ." சரி.

பிப். 19, வியாழன்

ஆஸ்பத்திரி. மின்விசிறி கட கட. வெளியே வெயில் எப்படியோ, தெரியவில்லை.

செவ்வாய் மாலை பிராக்டிகல் முடித்து வந்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. கால் செருப்புக்குள் நுழையவில்லை. பிபி ஏகத்துக்கு. சேர்த்துவிட்டார்கள். டாக்டரம்மா: "மலை ஏறாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" சொன்னார். இதில் நான் எதிர்க்க ஒன்றுமில்லை.

பிள்ளை வெளியே வர இது நேரமில்லை. பிபி இறங்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். இறங்கினால் தள்ளிப்போடலாம். ஊசி, மாத்திரை, இடப்பக்கம் சாய்ந்து படுக்கை. வார்டில் கேள்விகள். "எத்தனாவதுங்க?" முதல். "நெசமாவா?" நெசமாக.

அண்ணி பிளாஸ்க்கும் கையுமாக. ஊருக்குள் யார் என்ன சொன்னார்களோ, நேற்றிலிருந்து என் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நிற்கிறார். கஞ்சியை அத்தையிடம் கொடுக்க, அத்தை எனக்குக் கொடுக்கிறார்.

பகலில் போன் வந்தது. அத்தைக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர். திருக்கோவிலூர் சின்னத்தையின் குரல் வார்டு முழுக்க.

"நான் அன்னிக்கே நெனச்சன்க்கா. தாலி அறுத்தவ கை பட்டா வேற எப்படி ஆவும்? மொதல்ல அம்சாவ அங்கேர்ந்து அனுப்பு. புள்ளயாவது தங்கட்டும்."

அண்ணி பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். சத்தமில்லாமல் கதவைப் பார்த்து நடந்தார். நான் எட்டி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திய கை. இழுத்தது, பரவாயில்லை.

அத்தை போனை வாய்க்கு நேரே தட்டுபோலப் பிடித்தார். "மொத கை எங்கைடி. நானும் அறுத்தவதான். எதனா சொல்றதுன்னா என்னச் சொல்லு, எம்பொண்ணச் சொல்லாத."

"யக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"அவ அங்க இங்க போவ மாட்டா. புள்ளய மொதல்ல வாங்கப் போறதே அவதான். வெய்யி போன."

வைக்கத் தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து வந்து அணைத்துக் கொடுத்தாள். "வுட்டுக் குடுக்காத ஆயா" என்றாள். அத்தை அவளையும் முறைத்தார்.

நர்ஸ் வந்து மறுபடி பிபி பார்த்தாள். இறங்கியிருக்கிறதாம். கொஞ்சம்தான். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. நாளைக்கும் இப்படியே இருந்தால் கத்தி வேண்டாம், காத்திருக்கலாம்.

காத்திருப்பேன். எனக்குப் பழக்கம்தான்.

அண்ணி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார், என் கால்மாட்டில். முந்தானையை நான் இன்னும் விடவில்லை. "எழுதுனது போதும், கஞ்சி ஆறுது" என்கிறார். அவரே ஊட்டப் போகிறாராம்.