இன்னும் அடிக்காத வரி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் வயதில் அதற்குப் பெயர்தான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், அவள் எதிரே இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு முழங்கால் வலி, படி ஏற முடிவதில்லை, அதனால் உன் மேல் அறையைப் பூட்டிவிட்டோம், வைத்தது வைத்தபடி இருக்கிறது. எதிர்வீட்டு டிரைவர் மாமா போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலையில் விழுந்தவர், மதியம் தபால்காரர் கதவைத் தட்டும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் அத்தனை நேரம் அப்படிக் கிடந்ததற்கு நானும் ஒரு காரணம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் கிடைக்காமல், பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையரான என்னைக் கூப்பிட்டார்கள் அல்லவா. நம் தெருவில் நாற்பத்தொரு வீடு. தூரதேசம் போனவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வருவார் என்றால் வீட்டுத் தாளில் அவர் பெயரை எழுதலாம், இல்லையென்றால் எழுதக் கூடாது, இதுதான் விதி. முதல் வீட்டிலேயே தையல்கார அக்கா மடக்கிவிட்டாள். எம் பையனை எப்படி விடுவீங்க, அவன் செருப்பு இன்னும் வாசல்லதானே கிடக்கு என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதினேன். ஒருத்திக்கு எழுதியபின் அடுத்த வீட்டுத் தாயிடம் எப்படி முடியாது என்பது? கடைசியில் நம் வீட்டுத் தாளில் உன்னையும் எழுதினேன், பெண், வயது முப்பத்து நான்கு, வீட்டில் இருக்கிறார் என்று. கூசாமல் எழுதினேன் குட்டிம்மா.

இந்த வருஷம், வயதானவர்களை வீடு தேடி வந்து தினமும் பார்த்துப் போகிற நர்ஸ் வேண்டும் என்று தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். முடியாது என்று பதில் வந்தது. காரணம் கேட்கப் போனேன். உன் வயது அதிகாரி ஒருத்தி, எந்த வயதில் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், கீழே குழந்தைகள், மேலே எங்களைப் போன்ற கிழடுகள். நீ பள்ளிக்கூடம் போன காலத்துப் படம் கொட்டிவைத்த மணல் போல அடி அகன்று இருந்தது. இப்போதையது அடி ஒட்டிப்போய், உச்சி விரிந்து நிற்கிறது. உச்சியில் பெண்கள் பக்கம்தான் நீளம், ஆண்கள் நாங்கள் முந்திக்கொண்டு போய்விடுகிறோம். ஒன்றாம் வகுப்பில் இந்த வருஷம் மூன்றே பிள்ளைகள் என்றால் பார்த்துக்கொள். மற்ற தெருக்களுக்கெல்லாம் நடுவயது ஒடுங்கியிருக்க, நம் தெருவுக்கு மட்டும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே தொப்பை போட்டிருந்தது. உங்க தெருவுலதான் வீட்டுக்கு வீடு பிள்ளைங்க கூடவே இருக்காங்களே சார், நர்ஸ் எதுக்கு என்றாள். அந்தத் தொப்பை என் கைவேலை. வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன். எட்டாம் நாள் டிரைவர் மாமா விழுந்தார். காகிதத்தில் அவர் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திட்டவில்லை, தாள்களைத் திருப்பிக் கொடுத்து மாதக் கடைசிக்குள் திருத்தித் தரச் சொன்னாள். வீடு வீடாகப் போய், ஊரில் இல்லாத பிள்ளைகளின் பெயரைக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வருகிறேன். தையல்கார அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். நாற்பது வீடு முடிந்தது, நம் வீட்டுத் தாள் மட்டும் மேஜைமேல் இருக்கிறது. மேஜையைத் துடைக்கும்போது அம்மா அதைத் தூக்காமல் சுற்றித் துடைக்கிறாள்.

ஆறு மாதத்துக்குள் வருவாயா குட்டிம்மா? எங்களுக்காகப் பொய் சொல்லாதே, நான் சொன்ன பொய்யே போதும். வர முடியாதென்றால் அப்படியே எழுது, கோபப்பட மாட்டேன். வருத்தம் இருக்கும், அது எங்களோடு போகட்டும்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் போட மறக்காதே. நான் உனக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா மாடிச் சாவியைத் தேடுகிறாள், உன் மெத்தையை வெயிலில் போட வேண்டுமாம். அவளைத் தடுக்க என்னால் முடியவில்லை.

என்றும் உன்
அப்பா