பன்னிரண்டு பேரில் ஒருத்தி

கார்லோ சிட்டி,
வயோமிங் பிரதேசம்,
3 செப்டம்பர் 1870, சனி

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நானும் ரூத்தும் நலம். நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இரண்டு வரியில் ஒரு பதில் வந்தது. சேஜ் கிரீக் ஸ்டேஷனில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் காட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை என்றீர்கள். அப்படியானால் மூன்றாவது வரிக்கு ஏன் நேரமில்லை?

கோபமாக எழுத உட்காரவில்லை. ஒரு சங்கதி. நேற்று மதியம் ரொட்டி அடுப்பில் இருக்கும்போது ஷெரீப்பின் ஆள் கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, "அம்மா, ஜூரிப் பட்டியல்ல உங்க பேரு இருக்கு. தப்பா எழுதிட்டாங்களான்னு நானும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன். தப்பு இல்லையாம்" என்றான். போன டிசம்பரில் பெண்களுக்கு ஓட்டு என்று சட்டம் போட்டார்களே, அதன் வால்தான் இது. ஓட்டு உள்ளவர்கள் ஜூரியிலும் உட்காரலாமாம். ஐந்து பெண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வழக்கு உங்கள் ரயில் ஒர்க்ஷாப் மேலாளர் கேலப் ராங்க் மேல். ஜூலையில் சலூனின் பின்னறையில் அங்கே வேலை செய்த கோனர் ஷீயைச் சுட்டுக் கொன்றாரே, அதுதான். கோனர்தான் முதலில் துப்பாக்கியை எடுத்தான், என் உயிருக்குப் பயந்து சுட்டேன் என்கிறார் ராங்க். உங்களை மாற்றியதும் அதே வாரம் என்பதால் இங்கே நடந்த கூச்சல் எதையும் நீங்கள் பார்க்கவில்லை. கோனரின் மனைவி பிரிஜிட் இப்போது ஹோட்டல் துணிகளைத் துவைக்கிறாள். இரண்டாவது குழந்தை வயிற்றில்.

வேண்டாமென்றால் மறுத்துவிடலாமாம். என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

உங்கள்,
கெஸியா

*

சேஜ் கிரீக்,
6 செப்டம்பர், செவ்வாய்

என் கெஸியாவுக்கு,

மறுத்துவிடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ரூத்துக்கு இருமல் என்று சொல். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியே விட முடியாது என்று சொல். உனக்குத் தலைவலி வருவதையும் சொல். ஆம்பிளைகள் புகையிலை துப்புகிற இடத்தில், கொலை, ரத்தம் என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு நீ உட்கார வேண்டுமா? ஊர் சிரிக்கும். பத்திரிகைக்காரன் கேலிப்படம் வரைந்து போடுவான்.

இன்னொன்று. எனக்கு இந்த ஸ்டேஷன் பொறுப்பைக் கொடுத்தவர் ராங்க். அவர் தலையெழுத்தை என் மனைவி கையிலா வைப்பது? எப்படி முடிந்தாலும் நமக்கு நல்லதில்லை.

காலுறைகள் வந்தன. நன்றாக இருக்கின்றன. இங்கே காற்று ஓய்வதே இல்லை, சரியாகத் தூக்கமும் இல்லை. மறுத்துவிட்டாய் என்று எழுது, அதைப் படித்த பிறகு தூங்குகிறேன்.

உன்,
ஆம்ப்ரோஸ்

*

கார்லோ சிட்டி,
9 செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

உங்கள் கடிதம் நேற்று மாலை கைக்குக் கிடைத்தது. நேற்றுக் காலையே நான் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

கோபப்படாமல் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடப் போனேன். பெண்களான எங்களுக்காக ஓட்டுப் போடும் கொட்டகையைக் கழுவி வைத்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தேவாலயம் மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். சீட்டைப் பெட்டிக்குள் போட்டது ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குப் பிறகு 'தலைவலி' என்று சொல்லி ஓடிவர எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய வீரம் ஒன்றுமில்லை.

கோர்ட்டு வாசலில் கூட்டம். ஒருவன் கத்தினான், "பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வந்து தூக்குத் தண்டனை குடுப்பீங்களாக்கும்!" டாக்டரின் மனைவி யுடோரா விட்காம் திரும்பி நின்றாள். "உங்கம்மா உனக்குப் பால் குடுத்தப்ப இவ்வளவு யோசிக்கலையேப்பா" என்றாள். கூட்டமே சிரித்தது. நான் அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

நீதிபதி, "போக விரும்புகிறவர்கள் போகலாம், இருக்கிறவர்களை இந்த நீதிமன்றம் காப்பாற்றும்" என்றார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். நாங்கள் மூன்று பெண்கள், ஒன்பது ஆண்கள், ஆக ஜூரி பன்னிரண்டு பேர். ராங்கின் வக்கீல் என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரர் ராங்க் கிட்டதானே வேலை பாக்குறார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புன்னகையோடு, "எங்களுக்கு இவங்க போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். ஊரில் பாதிப் பேர் ராங்கின் கீழ் வேலை செய்கிறவர்கள்தானே என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி உட்கார்ந்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வழக்கைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. உங்களிடமும்தான். ஆகவே இதோடு நிறுத்துகிறேன். ரூத் என் பழைய போனட் தொப்பியைப் போட்டுக்கொண்டு பூனைக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் தூங்குங்கள்.

கெஸியா

*

கார்லோ சிட்டி,
10 செப்டம்பர், சனி

ஆம்ப்ரோஸ்,

இதை எழுதும்போதே என் சத்தியத்தை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்கே போகும் வண்டியின் கார்டிடம் கையோடு கொடுத்தனுப்புகிறேன்.

இன்று சலூன்காரன் சாட்சி சொன்னான். சீட்டாட்ட மேசையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தாராம். வெடிச் சத்தம் கேட்டு இவன் உள்ளே ஓடியபோது அந்த ஆள் பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தாராம். யாரென்று தெரியாது என்று சத்தியம் செய்கிறான். நாற்காலியில் அவர் விட்டுப்போன கோட்டு ஒன்று கிடந்தது. அதைக் காட்டினார்கள். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். ஆண்கள் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு நகர்த்தினார்கள்.

என்னிடம் வந்தது. பழுப்புக் கம்பளி. இடது முழங்கையில் ஒட்டு. ரூத்தின் கவுனில் மிச்சமான நீல நூல். நான் கோணலாகத் தைத்துவிட்டதற்கு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "என் கை கிழக்கே போகுது, உன் ஒட்டு மேற்கே போகுது."

இந்தக் கோட்டு ரயிலில் திருடு போய்விட்டது என்று ஜூலையில் எழுதினீர்கள்.

நான் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். கை வியர்த்துக் கம்பளியில் ஈரம் பட்டது. யாராவது பார்த்திருப்பார்களா? பிரிஜிட் எதிர் பெஞ்சில் இருந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்தபடி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நீங்கள் ஏதாவது செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க மாட்டேன். ஆனால் பார்த்தீர்கள். நாளை ஞாயிறு, கோர்ட்டு இல்லை. திங்கள் காலை வண்டியில் வந்து இறங்குங்கள். நேரே நீதிபதியிடம் போவோம். நான் கூட வருகிறேன்.

கெஸியா

*

சேஜ் கிரீக்,
11 செப்டம்பர், ஞாயிறு

கெஸியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வந்த வண்டி திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நான் அங்கே இருந்தேன். கோனரின் இரண்டு கையும் மேசை மேல் இருந்தன, சீட்டு பிடித்தபடி. துப்பாக்கியை அவன் தொடவே இல்லை. விரிசல் விட்ட கொதிகலனை ஓட்டச் சொல்லி ராங்க் கட்டாயப்படுத்தியதைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் நீராவி அடித்துத்தான் கோனரின் தம்பி செத்தான். "மேலிடத்துக்கு எழுதப் போறேன்"னு கோனர் சொன்னான். "எழுது பாப்பம்"னு ராங்க் சொன்னார். அடுத்தது சத்தம்.

நான் ஓடினேன். மறுநாள் ராங்க் நம் வீட்டு வேலியோரம் வந்து நின்றார். நீ உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாய். "சேஜ் கிரீக்ல ஒரு இடம் காலியா இருக்கு ஆம்ப்ரோஸ். குடும்பத்தை இங்கயே விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதம் உனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என்னால் வர முடியாது. கோர்ட்டில் அவர் முன்னால் நின்று என்னால் வாய் திறக்க முடியாது. நீ நினைக்கிற ஆள் நான் இல்லை.

ஒட்டுப்போட்ட கோட்டு ஊரில் ஆயிரம் இருக்கும். நீ எதையும் பார்க்கவில்லை. கடைசியில் மற்றவர்கள் எந்தப் பக்கம் கை தூக்குகிறார்களோ அந்தப் பக்கம் நீயும் தூக்கிவிட்டு வீட்டுக்கு வா. ரூத்துக்காகக் கேட்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

ஆம்ப்ரோஸ்

*

கார்லோ சிட்டி,
12 செப்டம்பர், திங்கள்

ஆம்ப்ரோஸ்,

உங்கள் கடிதம் காலை எட்டு மணிக்கு வந்தது. ஒன்பது மணிக்கு நீதிபதியின் அறைக்குப் போனேன். அந்தக் கோட்டு என் கணவருடையது, ஒட்டு என் கைத்தையல், இதற்கு மேல் நான் ஜூரியில் உட்காரக் கூடாது என்றேன். சத்தியத்தை மீறி உங்களுக்கு எழுதியதையும் சொன்னேன். கடுமையாகத் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

"பதில் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க."

"அதுல என்ன இருக்கு?"

"புருஷன் பெண்டாட்டிக்கு எழுதினதுங்க, ஐயா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதிலிருப்பது உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது.

ஜூரியைக் கலைத்துவிட்டார்கள். இருபதாம் தேதி புது ஜூரியோடு முதலிலிருந்து விசாரணை. ஏன் என்று வெளியே சொல்லக் கூடாதாம், சாட்சிக்கு ஆபத்து வரும் என்று. ஆகவே ஊர் அதற்குத் தோன்றியதைச் சொல்கிறது. பெண் ஜூரி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதற்குள் ஒருத்தி அழுதுகொண்டு ஓடினாள் என்று மாலைப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். யுடோரா விட்காம் நடுத்தெருவில் என்னை நிறுத்தினாள். "என்னடி ஆச்சு உனக்கு? ஒருத்தி கோழையாப் போனா எங்க எல்லார் தலையிலயும் எழுதி ஒட்டிடுவாங்கன்னு தெரியாதா? இனிமே எந்தப் பொம்பளையக் கூப்பிடுவாங்க?" அவள் கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எதற்காகவும் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை.

இன்று மாலை ராங்கின் ஆள் ஒருவன் நம் வேலியோரம் இரண்டு தடவை நடந்து போனான். ரூத்தைப் பாதிரியார் வீட்டில் விட்டிருக்கிறேன். ஷெரீப் எதிர்வீட்டில் ஒரு ஆளை வைத்திருக்கிறார். பயப்படாமல் இருக்கிறேன் என்று எழுத ஆசை. ஆனால் பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

புதன்கிழமை ஷெரீப்பின் ஆள் உங்களுக்குச் சம்மன் எடுத்துக்கொண்டு வருவான். அதற்குள் சேஜ் கிரீக்கில் மேற்கே போகும் வண்டியும் நிற்கும், கிழக்கே வரும் வண்டியும் நிற்கும். இதை உங்களிடம் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

கெஸியா

*

சேஜ் கிரீக்,
23 செப்டம்பர், வெள்ளி

கெஸியா,

இப்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ராங்குக்குப் பத்து வருஷச் சிறை.

சம்மன் வருவதற்கு முன்னால் மேற்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இதை மறைத்து எழுதத்தான் முதலில் நினைத்தேன். வண்டி நகரும்போது குதித்துவிட்டேன். கால் பிசகிவிட்டது. ஏன் குதித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீ தெருவில் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று எழுதியிருந்தாயே, அது வண்டிக்குள்ளும் என்னை விடவில்லை.

கூண்டில் ஏறியபோது ராங்க் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பழைய சிநேகிதனைப் பார்ப்பது மாதிரி. ஜூரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லி இனி கூப்பிட மாட்டார்கள் என்றாளே யுடோரா அம்மாள், இந்தத் தடவை நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய வக்கீல் இரண்டு மணி நேரம் என்னைக் குடைந்தார். கோழை என்றார், பொய்யன் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசியில் ஜூரியில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை லோவினா கேட்ஸ் நீதிபதியிடம் அனுமதி கேட்டு எழுந்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்: "ரெண்டு மாசமா கோனரோட மனைவி ஹோட்டல் துணியத் துவைச்சுக்கிட்டிருக்காங்க. உங்களால எப்படி சும்மா இருக்க முடிஞ்சுது?"

என்னிடம் பதில் இல்லை. நீதிபதியும் வற்புறுத்தவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டு வாசல் வரை வந்தேன். தட்டக் கை வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். இங்கே வேறு ஆள் போடுகிறார்கள், புதன்கிழமையோடு என் வேலை முடிகிறது. நான் வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆம்ப்ரோஸ்

*

கார்லோ சிட்டி,
26 செப்டம்பர், திங்கள்

ஆம்ப்ரோஸ்,

நீங்கள் பேசியதை நான் கேட்டேன். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். பக்கத்தில் பிரிஜிட். கோனரின் கைகள் மேசை மேல் இருந்தன என்று நீங்கள் சொன்னபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் தடம் இன்னும் போகவில்லை. வெளியே வந்ததும், "அவன் முதல்ல எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்னுதான் இருந்தேன்" என்றாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நன்றியும் இல்லை, வசவும் இல்லை.

யுடோரா விட்காம் நேற்று வீட்டுக்கு வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, "மார்ச்சுல அடுத்த பட்டியலாம். உன் பேரையும் சேக்கச் சொல்லியிருக்கேன். வருவேல்ல?" என்றாள். வருகிறேன் என்றேன். இதை உங்களிடம் கேட்டுச் செய்யவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் வேண்டும். கடிதத்தில் எழுதாதீர்கள். எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு என் மனம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னால் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வியாழக்கிழமை வண்டிக்கு வாருங்கள். கால் வீங்கியிருந்தால் கட்டிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் வருகிறீர்கள் என்று ரூத்திடம் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

கெஸியா