மச்சான், அந்தக் காரின் மிஸ்ஸிங் நின்றுவிட்டது

ஒரு நாளும் பேர் சொல்லாமல் மாப்ள என்றே என்னைக் கூப்பிட்ட சவரிமுத்து மச்சானுக்கு,

அந்தச் சிவப்புக் கார் ஓடுகிறது. போன வாரம் ஒட்டன்சத்திரத்தில் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அதே பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான். மில் முதலாளி கைவிட்டுப்போய் இப்போது ஒரு காய்கறி மண்டிக்காரரிடம் இருக்கிறது. பழனி ரோட்டில் ஒரே சீராகப் போனது. ஒரு வெட்டு இல்லை. நீங்கள் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

மண்டிக்காரர்தான் விசாரித்து எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க, இந்த வண்டிய முன்னால ரிப்பேர் பாத்தவரு உங்க அக்கா வீட்டுக்காரருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். என்ன கோளாறு என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற விரல் நீள ஒயரை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். பேச்சு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருடைய மெக்கானிக் அன்றைக்கே மாற்றிவிட்டார்.

அந்த ஒரு நிமிஷம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது, மச்சான்?

ஓடுகிற இன்ஜினில் இடையிடையே ஒரு வெடிப்பு விட்டுப்போவதை உங்கள் தொழிலில் மிஸ்ஸிங் என்பீர்கள். அந்தக் காரில் அது விசித்திரமாக வந்தது. நிறுத்திவைத்து ஓடவிட்டால் இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இல்லை. லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பிளக்கை மாற்றினீர்கள், ஓட்டிப் பார்த்தீர்கள். கண்டன்சரை மாற்றினீர்கள், ஓட்டிப் பார்த்தீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவீர்கள். இரண்டை மாற்றினால் எது சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பீர்கள். மூன்று நாள் ஆனது. மில் முதலாளி தினமும் ஆள் அனுப்பினார்.

நான்காம் நாள் காலை தாடிக்கொம்பு ரோட்டுக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். சும்மா வந்து காதை மட்டும் கொடு என்றீர்கள். பாதி வழியில் ஓரங்கட்டி, கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைப் பிடுங்கி வாயை அடைத்தீர்கள். பிறகு அதே ரோட்டில் அதே வேகம்.

"மாப்ள, இப்பக் கேளு. வெட்டுதா?"

"இல்ல மச்சான்."

"பேப்பர்காரன் காது. நம்பலாமா?"

"சத்தியமா வெட்டல."

"அப்பக் கோளாறு பெட்ரோல்ல இல்ல. கரண்ட்ல."

லேசாக மிதிக்கும்போது இன்ஜின் அந்தக் குழாய் வழியே உறிஞ்சும், உறிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு தகடு கொஞ்சம் திரும்பும், அதோடு சேர்ந்து ஆடுகிற ஒயர் உறைக்குள்ளேயே இற்றுப்போயிருக்கிறது, பார்வைக்கு முழுசாகத் தெரியும் என்று விளக்கினீர்கள். சாதாரண ஒயர் போட்டால் ஆடி ஆடி அறுந்துவிடும், துணி சுற்றிய மெல்லிய ஒயர் வேண்டும் என்றீர்கள். அதைத் தேடி மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறினீர்கள். பஸ் ஸ்டாண்டில் உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவன் நான்.

அன்றைக்குப் பார்த்து மில் முதலாளி நாகல் நகரில் இருந்த உங்கள் ஷெட்டுக்கு வந்தார். ஷெட் பூட்டியிருந்தது. கார் வெளியே தகரக் கூரைக்கு அடியில் நின்றது. இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. கோபத்தில் காரை எடுத்துப்போய் லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு நிபுணர், இரண்டு கார்புரேட்டரில் ஒன்று ஜோடி இல்லை, யாரோ மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் மிஸ்ஸிங் என்று சொன்னாராம். ஒன்று வேறு என்பது உண்மைதான். கொடைக்கானலில் பழைய சொந்தக்காரரிடம் இருந்தபோதே மாற்றியிருக்கிறார்கள் என்று முதல் நாளே என்னிடம் சொன்னீர்களே.

நல்ல கார்புரேட்டரை நீங்கள் திருடிவிட்டு வேறொன்றை மாட்டியதாகப் புகார் வந்தது. உங்களைக் காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மதுரைக்கு எதற்குப் போனாய் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்களாம். ஒரு முழ ஒயர் வாங்க மதுரைக்குப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? கார்புரேட்டரை விற்கப் போனதாக ஆயிற்று. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் பதியவில்லை.

அன்று மத்தியானம் வழக்கம்போலச் செய்தி எடுக்க அதே ஸ்டேஷனுக்கு நான் வந்திருந்தேன். உள்ளே பெஞ்சில் நீங்கள். மற்ற பத்திரிகை நிருபர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சொந்தக்காரன் என்று மறைத்துவிட்டான் என ஒருத்தர் வாயிலும் வரக்கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. நாலு வரி எழுதி அனுப்பினேன். உங்கள் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, ஷெட் இருக்கும் தெரு. "கூறப்படுகிறது" என்று முடித்தேன்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பட்சபாதம் ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடு திருடிப் பிடிபட்டவனிடம்கூட அவன் தரப்பைக் கேட்டு எழுதியவன்தான் நான். குழாயைப் பிடுங்கியதைப் பார்த்தவன், வெட்டு நின்றதைக் கேட்டவன், மதுரைக்கு ஏன் போனீர்கள் என்று தெரிந்தவன், ஊரிலேயே நான் ஒருவன்தான்.

மறுநாள் வேறு எந்தப் பத்திரிகையிலும் அந்தச் செய்தி வரவில்லை. என் முகத்துக்காக அவர்கள் விட்டுவிட்டார்கள்.

நீங்கள் பேப்பரைப் படித்து மடித்து வைத்தீர்கள். "வயசு ரெண்டு கூடப் போட்டுட்ட மாப்ள" என்றீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. திட்டியிருந்தால் என்ன, மச்சான்?

புது கார்புரேட்டர் மாட்டியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மில் டிரைவரே டீக்கடையில் சொன்னார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். நான் பேனாவை மூடினேன். அதற்குள் உங்கள் ஷெட்டுக்குக் கார் வருவது நின்றிருந்தது. வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுக்க ஆட்கள் யோசித்தார்கள். ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் பாலசமுத்திரம் பக்கம் பம்ப்செட் மோட்டார் பார்க்கப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு மட்டும் வந்து போனீர்கள். அங்கேயே ஒரு கிணற்று மேட்டில், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கார் ஓடுகிற சேதியைச் சொல்ல முந்தாநாள் அக்காவிடம் போனேன். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஒயரை மாற்றியது, வெட்டு நின்றது, மண்டிக்காரர் சந்தோஷப்பட்டது எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அவரு கண்டுபுடிச்சது உனக்கு அப்பவே தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"பெறகு இப்ப என்னத்தக் கண்டுபுடிச்சுட்டு வந்துருக்க?"

அரிந்த காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, மச்சான். அது எனக்குச் சுலபம். மில் முதலாளி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போவேன். கார்புரேட்டரை மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு புகார் தப்பு என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பேன். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுவேன். சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று எழுதுவேன். உங்கள் பெயரை முழுசாகப் போடுவேன், வயதைச் சரியாகப் போடுவேன்.

அவரிடம் கேட்கிற அதே கேள்விக்கு நானும் பதில் சொல்ல வேண்டும். உள்ளூர்த் துணுக்குச் செய்திகளுக்கு அடியில் நிருபர் பெயர் வருவதில்லை. அந்த நாலு வரியை எழுதியது யார் என்று ஊரில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது. இனிமேல் தெரியட்டும்.

உங்கள் மச்சினன்,
அந்தச் செய்தியை எழுதிய நிருபர்,
அருளப்பன்