ஜட்ஜம்மாவின் முதல் கன்டெய்னர்

பிப்ரவரி 6, வெள்ளி

நான் அன்றைக்கே சொன்னேன். அக்காவைக் கேட்டால் "நீ எதைத்தான்டா சொல்லல?" என்பாள். அது வேறு விஷயம். ஆர்டர் வரும் என்றேன், வந்துவிட்டது. கடல் தாண்டி வரும் என்றேன், தாண்டியே வந்துவிட்டது. டைல்ஸாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அக்கா மகள் நடத்துவது டைல்ஸ் கிடங்கு, அங்கே வேறு எதைக் கேட்பார்கள் என்று கேட்கிறவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள்.

வெளிநாட்டில் ஒருவர் ஆறு மாடியில் பள்ளிக்கூடம் கட்டுகிறார். கீழ்த்தளத்துக்கு மட்டும் இப்போது ஒரு கன்டெய்னர். உடையாமல் போய்ச் சேர்ந்தால் மற்ற மாடிகளுக்கும் நாம்தான். உடைந்தால்? அதை அத்தான் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டார். "உடைஞ்சுதுன்னா கிடங்கை மூடிட்டு இடத்தைக் கார் நிறுத்த விட்டுடறேன். ஆள்கூட பார்த்தாச்சு." பெற்ற மகளைப் பார்த்தே சொன்னார். அவள் தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள், "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

இதனால்தான் அவளை நான் ஜட்ஜம்மா என்று கூப்பிடுகிறேன். நானாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். இரண்டு தடவை.

பிப்ரவரி 9

கிடங்கில் எல்லோருக்கும் கப்பலைப் பற்றி விளக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் அந்த எட்டையும் ஊன்றிப் படித்தவன், சிலதை இரண்டு வருஷம். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் வாய் பிளந்து கேட்டார். பிறகு பார்த்தால் கொட்டாவி.

பிப்ரவரி 17

இன்றைக்கு நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் கன்டெய்னர் லாரி வந்தது. ஜட்ஜம்மா கப்பல் ஏஜென்டின் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. "மாமா, ஏத்தி முடிச்சா போன் பண்ணுங்க. நான் வராம சீல் வைக்க வேண்டாம்," என்றாள். ஆக, மொத்தப் பொறுப்பும் என் தலையில். தளபதி மாதிரி நின்றேன்.

டைல்ஸ் கட்டிய மரத்தட்டுகளை, அதாவது பேலட்டுகளை, தரையோடு தரையாக ஒரே அடுக்காக வைத்தார்கள். என் இடுப்பு உயரம்கூட வரவில்லை. "போதும்," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலே அத்தனையும் வெற்றிடம்! முழுப் பெட்டிக்கு வாடகை கொடுத்துவிட்டுக் காற்றை அனுப்புவதா?

"டைல்ஸ் பாரம்ணே. இதுக்கு மேல வெச்சா கிரேன் தூக்காது."

இது எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று பார்த்தேன்.

ஆனால் பேலட்டுகளுக்கு நடுவே சந்து இருந்தது. கப்பல் ஆடினால் ஒன்றோடொன்று இடித்துத் தூளாகிவிடும். அந்தச் சந்தில் வைத்து ஊதும் காற்றுப் பைகளுக்கு ஜட்ஜம்மா சொல்லி வைத்திருந்தாள். அவை வந்து சேரவில்லை. விடுவேனா? கிடங்குக்குப் பின்னால் வெட்டிப் போட்ட மரம் கிடந்தது. பட்டைகூட உரிக்காத உருட்டுக் கட்டைகள். அறுத்து, அடித்து, ஒவ்வொரு சந்திலும் இறுக்கிவிட்டேன். கோட்டைச் சுவர் தோற்றது! கட்டையில் ஒரு கால் வைத்து நின்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். 'மாமா இருக்க பயமேன்' என்று கீழே எழுதினேன்.

உடனே ஜட்ஜம்மா போன்.

"மாமா. அந்தக் கட்டையில முத்திரை இருக்கா?"

"என்ன முத்திரை?"

"பேலட்ல சுட்டு வெச்சிருக்கே, பாருங்க. சூடு பண்ணி பூச்சியைக் கொன்ன மரம்னு போட்டது. அது இல்லாத மரம் ஒரு துண்டு உள்ள இருந்தாலும் அங்க துறைமுகத்துல மொத்தப் பெட்டியையும் திருப்பிடுவாங்க. பட்டையோட வேற வெச்சிருக்கீங்க!"

கட்டையைப் பார்த்தேன். பட்டைக்குள்ளிருந்து ஒரு வண்டு எட்டிப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது.

அய்யோ, என்ன பண்ணிட்டேன்... அந்தப் புள்ள வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதில்லையே. சாயங்காலத்துக்குள்ள துறைமுகம் போகலைன்னா இந்தக் கப்பல்ல ஏத்திக்க மாட்டாங்க. எல்லாத்தையும் பிடுங்கணும். பிடுங்கிட்டு எதை வைக்கறது?

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நான் படம் போடாமல் இருந்திருந்தால்? வண்டும் டைல்ஸும் சேர்ந்து கடல் கடந்திருக்கும். அடக்கமான மனிதன் இந்தப் பெட்டியைக் காப்பாற்றியிருக்கவே முடியாது.

ஆட்கள் கட்டையைப் பிடுங்க ஆரம்பித்ததும் நான் பக்கத்துக் கிடங்குக்கு ஓடினேன். அங்கே கை கழுவும் பேசின்கள் ஏற்றுமதி செய்கிறார்கள். அதுவும் உடையும் சரக்கு, காற்றுப் பை இல்லாமல் இருக்காது. ஆனால் அந்தக் கிடங்குக்காரருக்கு இரும்புப்பூட்டு என்று பெயர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாலே குழாய் இருக்கும் தெருவைக் காட்டுகிற மனிதர்.

"பையா? என் சரக்குக்கே பத்தாது. கிளம்புங்க."

அப்போதுதான் எனக்கு நேற்றைய போன் ஞாபகம் வந்தது. ஜட்ஜம்மா இல்லாத நேரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் கட்டுகிறவரே கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். கணீரென்ற குரல்.

"கிளம்பறேங்க. ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கை கழுவணுமா வேண்டாமா? ஆறு மாடிக்கும் பேசின் வேணும், உங்க பக்கத்துல நல்ல ஆள் இருக்காங்களான்னு அவரே நேத்து என்கிட்ட போன்ல கேட்டார். உங்க பேரைச் சொல்லலாம்னு இருந்தேன். இந்தப் பெட்டி இன்னைக்குப் போகலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுச் சொல்ல?"

பூட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஆறு மாடிக்குமா?"

"மாடிக்கு ரெண்டு பக்கமும்."

அவரே பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊதுகிற கருவியையும் கொண்டுவந்து, எங்கள் ஆட்களுக்கு ஊதத் தெரியவில்லை என்று திட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு அவரே ஊதினார். ஜட்ஜம்மா வந்து தரையைப் பெருக்கச் சொன்னாள். மரத்தூள்கூட இல்லாமல் பார்த்தபின் சீல் வைத்தாள். லாரி வாசல் தாண்டும்போது சூரியன் மறையவில்லை. என் மரியாதைக்காக நின்றது என்று நினைக்கிறேன்.

"மாமா," என்றாள். "இனிமே எது பண்ணாலும் முதல்ல படம் போட்டுடுங்க."

பிப்ரவரி 20

கப்பல் கிளம்பிவிட்டது.

மார்ச் 2

கடலில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். வேறு கடலாம். இருந்தாலும் எழுந்து நின்றுகொண்டே பார்த்தேன்.

மார்ச் 11

அத்தான் கார் நிறுத்தும் ஆளைக் கூட்டிவந்து கிடங்கைக் காட்டினார். அந்த ஆள் காலால் அடி வைத்து நடந்து அளந்தான். ஜட்ஜம்மா அவனுக்கு நாற்காலி போட்டாள். பிறகு உள்ளே போய், அடுக்கியிருந்த டைல்ஸையே திரும்ப அடுக்கினாள். நான் ஜோக் ஒன்று சொன்னேன். சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தான்.

மார்ச் 26

வென்றோம்! வென்றோம்! வென்றோம்!

மார்ச் 27

நேற்று எழுத முடியவில்லை, ஊருக்கெல்லாம் போன் செய்ய வேண்டியிருந்தது.

அங்கே பெட்டியைத் திறந்ததை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கதவு திறக்கிறது. காற்றுப் பைகள் தொப்பை தள்ளிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. பேலட் ஒன்றுகூட நகரவில்லை. மொத்தத்தில் ஒரே ஒரு டைலில் மூலை போயிருந்தது. அந்த மூலையும் என்னைக் கேட்டிருந்தால் ஒட்டியிருப்பேன். மற்ற மாடிகளுக்கும் ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது.

அத்தான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எங்கள் முன்னாலேயே கார் நிறுத்தும் ஆளுக்குப் போன் போட்டார். "இடம் கிடையாதுங்க. எங்களுக்கே பத்தாது போலருக்கு." வைத்துவிட்டு மகளிடம், "அந்தப் பின்பக்கக் கூரை ஒழுகுது, இந்த வாரமே மாத்திடலாமா?" என்று கேட்டார். அனுமதி கேட்டார்! அத்தான்! ஜட்ஜம்மா தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள், "சரிப்பா" என்றாள். இந்தத் தடவை கண் நிறைந்திருந்தது. எனக்கும் ஏதோ தூசு.

ஏப்ரல் 3

இரும்புப்பூட்டு காலையில் எங்கள் கிடங்குக்கு வந்தார். சிரித்துக்கொண்டு! பல் இருக்கிறது அவருக்கு. பள்ளிக்கூடக்காரர் பேசின் விலை கேட்டு ஜட்ஜம்மாவுக்கு எழுதியிருக்கிறார். அவள் பூட்டின் பெயரைக் கொடுக்க, நேற்று பேசி முடிந்துவிட்டது. மாடிக்கு இரண்டு பக்கமும்.

"உங்க மாமா அன்னைக்கே சொன்னார்ங்க," என்றார் பூட்டு. "பள்ளிக்கூடக்காரர் போன்லயே கேட்டாராமே."

நான் கூரையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜட்ஜம்மா அவரை அனுப்பிவிட்டு வந்தாள். "எந்த போன் மாமா? கிடங்கு போன் என்கிட்டதானே இருந்துச்சு."

"கூரை நல்லாவே ஒழுகுது," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தீர்ப்பு சொல்லவில்லை.

இங்கே மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடக்காரர் என்னிடம் பேசியதே இல்லை. போன் வரவில்லை. பேசின் பேச்சு அந்தக் கிடங்கு வாசலில், பூட்டின் மூஞ்சியைப் பார்த்ததும் என் வாயில் பிறந்தது. அவருடைய குரல் கட்டையா கீச்சா, யார் கண்டார்கள்? கணீர் என்றது நானாக வைத்தது.