கடையில் இல்லாத பச்சை

ஜூன் 4

அன்புள்ள அப்பா,

உங்களுக்குக் கோபம் இன்னும் ஆறியிருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். இந்த மலையில், பழங்குடியினர் குடியிருப்பில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். காட்டில் பொறுக்கிய மண்ணையும் இலையையும் அரைத்துத்தான் படம் வரைகிறேன். பெயிண்ட் கடைக்காரர் மகள் பெயிண்ட் இல்லாமல் வரைகிறாள் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் இங்கே கேட்கிறது.

பக்கத்து வீட்டில் தேன் எடுக்கிறவரின் மனைவி இருக்கிறார். எனக்குத் தேனக்கா. முதலில் அவரைத்தான் வரைந்தேன், தழையாடையும் வில்லுமாக. பார்த்துவிட்டு யார் இது என்றார். நீங்கள்தான் என்றேன்.

"நான் எந்தக் காலத்துல தழையைக் கட்டினேன்? புது நைட்டி இருக்கு, போட்டுட்டு வர்றேன். ஒழுங்கா வரை."

நைட்டியோடு வரைந்த படம்தான் நன்றாக வந்தது.

உங்கள் மகள்

ஜூன் 15

மகளுக்கு,

உன் அம்மா சொன்னதால் எழுதுகிறேன். அவள் அழுவாள் என்று பார்த்தால், உன் கடிதத்தைப் படித்துப் படித்துச் சிரிக்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஒரு நாளாவது ஓவிய வகுப்புக்குப் போயிருக்கிறாயா? பழைய கலர் அட்டைகளின் பின்பக்கம் கிறுக்கியதுதான் உன் படிப்பு. ஆயிரத்து இருநூறு நிறம் இருக்கிற கடையை விட்டுவிட்டு இலை அரைக்கப் போயிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன். சொன்னால் சொன்னதுதான்.

அப்பா

ஜூன் 24

அப்பா,

சிரிக்கக் கூடாது. இங்குள்ள பள்ளிக்கூட வெளிச்சுவரில் ஒன்பது நாள் பாடுபட்டு ஒரு காட்டையே வரைந்தேன். நேற்று மழை. யானையின் நாலு காலும் கரைந்து வாசல் வழியாகப் போய்விட்டன. மிச்ச யானை அந்தரத்தில் நிற்கிறது. தேனக்கா வந்து பார்த்தார். வெளிச்சுவருக்கு யாராவது இலையைப் பூசுவார்களா, அப்பாவுக்கு எழுதி நல்ல பெயிண்ட் கேள் என்று திட்டினார். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அனுப்புங்கள்.

மாதக் கடைசிக்குள் என்னால் வர முடியாது. எனக்கு இந்த வேலைதான் பிடித்திருக்கிறது, அப்பா. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்கு மட்டும், வீட்டில் வேண்டாம்.

மழை விட்ட பிறகு இந்தக் காடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்ட ஆசை. ஒரு சின்னப் படம் வைத்திருக்கிறேன். நனைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்

ஜூலை 3

மகளுக்கு,

பத்து டப்பா லாரியில் வருகிறது. முதலில் பிரைமர் இரண்டு கோட். ஒரு நாள் காய விடு. அதற்கப்புறம்தான் யானை. நான் விழுந்து விழுந்து சிரித்ததாக அம்மா எழுதினால் நம்பாதே.

உன் படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். ஆணி சும்மா இருந்தது, அவ்வளவுதான். நேற்று வந்த ஒருவர், வீட்டுக்கு அந்தப் பச்சைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மெஷினில் நானே பதினொரு தடவை கலந்தேன். ஒரு தடவை வாழைக்காய் மாதிரி வந்தது, ஒரு தடவை ஆஸ்பத்திரித் திரை மாதிரி. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் இல்லை என்று சொன்னேன். வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

"எங்கேயும் கிடைக்காதுங்க. அது என் பொண்ணு அரைச்ச பச்சை."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெயிண்ட் நெடி என்று சமாளித்தேன்.

கடைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. நீ உன் வேலையைப் பார்.

உன் அப்பா